போர் முடிந்த ஊரில் கொட்டும் பணத்தை அளப்பது யார்?

வாசகர் கேள்வி, 8 மார்ச் 2025

உக்ரைனைத் திரும்பக் கட்ட அடுத்த பத்து ஆண்டுகளில் 524 பில்லியன் டாலர் தேவை என்று போன மாதம் உலக வங்கியும் மற்றவர்களும் சேர்ந்து கணக்கு சொன்னார்கள். அவ்வளவு பணம் வந்தால் ஆளாளுக்கு அள்ளத்தான் பார்ப்பார்கள். அமெரிக்கா ஈராக்குக்கென்றே தனியாக ஒரு தணிக்கை அலுவலகம் வைத்திருந்ததாகப் படித்தேன். அதே மாதிரி ஒன்றை முதல் நாளே வைத்துவிட்டால் திருட்டு நின்றுவிடும் என்பது என் கருத்து. தப்பா?

9 மார்ச், காலை

தப்பு. "முதல் நாளே" என்பது மட்டும் நல்ல யோசனை. ஈராக்கில் அது நடக்கவில்லை.

2003 மே மாதம், படையெடுத்துப் பிடித்த ஈராக்கை ஆள அமெரிக்கா அனுப்பிய நிர்வாகி பால் பிரெமர் பாக்தாதில் வந்து உட்கார்ந்தார். தணிக்கைக்கு ஸ்டூவர்ட் போவன் நியமிக்கப்பட்டது 2004 ஜனவரியில். பிரெமரின் நிர்வாகம் மூட்டை கட்டியது அதே ஆண்டு ஜூன் 28. பதினான்கு மாதத்தில் முதல் எட்டு மாதம் தனித் தணிக்கையாளர் என்று யாரும் இல்லை. அந்த அலுவலகத்துக்கு ஈராக் மறுகட்டுமானச் சிறப்பு இன்ஸ்பெக்டர் ஜெனரல் (போலீஸ் ஐ.ஜி. இல்லை, அமெரிக்காவில் தணிக்கைத் தலைவருக்கு அதுதான் பெயர்) என்று பெயர் வந்ததே 2004 அக்டோபரில்தான்.

அந்தப் பதினான்கு மாதத்தில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலிருந்து ராணுவ விமானத்தில் போன ரொக்கம் சுமார் 12 பில்லியன் டாலர். 28 கோடிக்கு மேல் நோட்டுகள், 363 டன். நம் ஊர் பத்து டன் லாரியில் ஏற்றினால் 36 லாரி. நூறு டாலர் நோட்டில் ஆயிரம் சேர்த்து ஒரு கட்டு, அதாவது ஒரு லட்சம் டாலர். அங்கே வேலை பார்த்தவர்கள் அதைச் செங்கல் என்றே சொல்வார்களாம். செங்கல் எண்ணியே காலம் தள்ளியவன் நான், இந்தச் செங்கலை மட்டும் பார்த்ததில்லை. ஆட்சியைக் கைமாற்றப் போகும் கடைசி வாரத்தில் ஒரே தடவையில் மட்டும் 2.4 பில்லியன் போயிருக்கிறது. மார்ச் 31 வருவதற்குள் பில் போட்டு முடிக்க எந்த அலுவலகமும் படும் அவசரம் நமக்குத் தெரியாததா?

இன்னொன்று. இதில் பெரும்பகுதி அமெரிக்க வரிப்பணம் இல்லை. ஈராக் மக்களின் எண்ணெய்ப் பணம், ஐ.நா. நடத்திய பழைய ‘எண்ணெய்க்கு உணவு’ திட்டத்தில் மிஞ்சியது, முடக்கி வைத்திருந்த சொத்து. ஊரான் பணம்.

போவன் 2005 ஜனவரியில் கொடுத்த அறிக்கையில் ஒரு வரி எனக்கு மனப்பாடம். ஒரு அமைச்சகத்தில் 8,206 காவலாளிகளுக்குச் சம்பளம் போயிருக்கிறது. ஆள் இருப்பதாக உறுதி செய்ய முடிந்தது 602 பேருக்கு.

9 மார்ச், இரவு

காலையில் எழுதியதைப் பார்த்துவிட்டு ஒருவர் "அப்ப 8.8 பில்லியன் திருடிட்டாங்கன்னு சொல்றது உண்மைதானே" என்று கேட்கிறார். நான் அப்படி எழுதவில்லை. அந்த அறிக்கையும் அப்படிச் சொல்லவில்லை. ஈராக் அமைச்சகங்களுக்குக் கொடுத்த 8.8 பில்லியன் டாலர் சரியாகச் செலவானதா என்று காட்டும் கட்டுப்பாடு போதவில்லை என்றது. ரசீது இல்லை என்பது வேறு, பணம் இல்லை என்பது வேறு. கல்யாண வீட்டில் பந்திக்கு வாங்கிய காய்கறிக்கு ரசீது இருக்காது, சாப்பாடு இருந்திருக்கும்.

பிரெமரின் பதிலும் ஏறக்குறைய இதுதான்: போர்க்காலம், வங்கி இல்லை, சம்பளம் கொடுக்காவிட்டால் தெருவுக்கு வந்துவிடுவார்கள். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வங்கி இல்லாத ஊரில்தான் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் அதிகம் வேண்டும்.

2013ல் அலுவலகத்தை மூடும் நேரத்தில், அமெரிக்கா தன் கையிலிருந்து போட்ட 60 பில்லியனில் குறைந்தது 8 பில்லியன் வீண் என்று போவன் சொன்னார். இந்த 8 வேறு, அந்த 8.8 வேறு. வாட்ஸ்அப்பில் இரண்டையும் ஒன்றாக்கிச் சுற்றுகிறார்கள்.

11 மார்ச்

அந்த அலுவலகம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈராக்கின் ஹில்லா நகரில் பணப்பெட்டிக்குப் பொறுப்பாக, 82 மில்லியன் டாலரைக் கையில் கொடுத்து ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் அதற்கு முன்பே மோசடி வழக்கில் தண்டனை வாங்கியவர்! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது மாதிரி. ஒப்பந்தக்காரரிடம் லஞ்சம் வாங்கி மாட்டினார். அவருக்கு ஒன்பது ஆண்டு சிறை கிடைத்ததில் இந்த அலுவலகத்துக்குப் பங்கு உண்டு.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் பொறியாளர்களையும் கூட்டிக்கொண்டு தளத்துக்குப் போனது. காகிதத்தை மட்டும் பார்க்கும் தணிக்கை வேறு சாதி. பாக்தாத் போலீஸ் பயிற்சிக் கல்லூரி, 75 மில்லியன் டாலர் வேலை. போய்ப் பார்த்தால் மேல்மாடிக் கழிவறைத் தண்ணீர் கீழ் அறையின் கூரை வழியே சொட்டுகிறது, விளக்குக் கூடுகளில் தேங்கி நிற்கிறது. கான் பனி சாத் என்ற ஊரில் ஒரு சிறைச்சாலை, 40 மில்லியன் போட்டு அரைகுறையாக விட்டது. ஒரு கைதிகூட உள்ளே போனதில்லை. 150 ஆரம்பச் சுகாதார நிலையம் கட்டுவதாகச் சொல்லி 186 மில்லியன் செலவான பிறகு எண்ணினால், முடிந்தவை 6.

இதையெல்லாம் எப்போது கண்டுபிடித்தார்கள் என்று பாருங்கள். பில் பாஸாகி, காசு கைமாறிய பிறகு. பிரேதப் பரிசோதனை எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் செத்தவன் எழுந்து உட்கார மாட்டான். நான் "தப்பு" என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

14 மார்ச்

"நீங்கள் என்ன பெரிய தணிக்கை நிபுணரா" என்று ஒரு நண்பர். இல்லை. ஓவர்சியராக ஆரம்பித்து ஏ.இ.இ. (உதவிச் செயற்பொறியாளர்) ஆகி ஓய்வு பெற்றவன். தணிக்கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்று சொன்னால் பொருத்தம்.

எங்கள் வேலையில் எந்தப் பில்லுக்கும் அடிப்படை எம் புக். தெரியாதவர்களுக்காக: மெஷர்மென்ட் புக், அளவுப் புத்தகம். பக்க எண் அச்சிட்டிருக்கும், ஒரு தாள் கிழித்தாலும் தெரிந்துவிடும். குழி எவ்வளவு நீளம், அகலம், ஆழம் என்று தளத்தில் நின்று டேப் வைத்து எழுத வேண்டும். மேலே இருப்பவர் வந்து அதில் சிலவற்றைத் திரும்ப அளந்து கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் பார்ட் பில், அதாவது அதுவரை முடிந்த வேலைக்கு மட்டும் பணம். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. காண்ட்ராக்டரையும் நம்பாதே, ஓவர்சியரையும் நம்பாதே என்பதுதான் அதன் அடிப்படை.

சரி, சொல்லிவிடுகிறேன். சுனாமிக்கு மறு வருடம் நாகை மாவட்டக் கடலோரத்தில் ஒரு குடியிருப்பு. யார் கட்டியது, எந்தத் துறை என்று கேட்காதீர்கள். மக்கள் தார்பாய்க் கொட்டகையில் கிடக்கிறார்கள், மழைக்காலம் வருகிறது, மேலிருந்து தினமும் போன், "எத்தனை வீடு லிண்டல் மட்டத்துக்கு (கதவு, ஜன்னலின் மேல்மட்டம்) வந்தது?" நான் வேறு தளத்தில் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். திரும்பி வந்தால் கடைசி வரிசை வீடுகளின் அஸ்திவாரக் குழியில் கான்கிரீட் போட்டு, கல் கட்டி, மண்ணும் தள்ளியாகிவிட்டது. ஆழம் பார்க்க வழியில்லை. ஒரு மூலையில் கடப்பாரையைக் குத்திப் பார்த்தேன், ஈரமணல்தான் வந்தது. காண்ட்ராக்டரின் மேஸ்திரி "மத்த வரிசை மாதிரியேதான் சார்" என்றான். எனக்கு மேலே இருந்தவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "எழுதுய்யா, ஜனங்க நனையுது" என்றார். எழுதினேன். எல்லா வீட்டுக்கும் ஆழம் 0.90 மீட்டர்.

ஐந்து பைசா வாங்கவில்லை. ஒரு டீ குடித்தேன், அதற்கும் நான்தான் காசு கொடுத்தேன். ஆனால் அந்த வரிசையின் உண்மையான ஆழம் எனக்குத் தெரியாது. பிரெமர் "போர்க்காலம்" என்று சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் "ஜனங்க நனையுது" காதில் கேட்கிறது. அதனால்தான் அவரை முழுப் பொய்யர் என்று சொல்ல வாய் வரவில்லை.

14 மார்ச், பிறகு

கொஞ்சம் சிரிப்புக்கு. ஆப்கானிஸ்தானில் காஷ்மீர் கம்பளித் தொழிலை வளர்க்க அமெரிக்க ராணுவத் துறையின் ஒரு பிரிவு 6 மில்லியன் டாலர் திட்டம் போட்டு, இத்தாலியிலிருந்து ஒன்பது கிடாவை இறக்குமதி செய்தது. நம் ஊரில் இலவச ஆடு திட்டத்தைக் கேலி செய்தவர்கள் கவனிக்கவும்.

18 மார்ச்

ஆடு எழுதியதும் எல்லோரும் ஆப்கானிஸ்தானுக்கே போய்விட்டீர்கள். அங்கே இதே மாதிரி அலுவலகம் வந்தது 2008ல். அமெரிக்கா உள்ளே போனது 2001. ஏழு வருடம் கழித்து!

ஜான் சோப்கோ 2012ல் தலைமைக்கு வந்த பிறகுதான் அதன் அறிக்கைகள் வெளியில் பேசப்பட்டன. 549 மில்லியன் டாலர் திட்டத்தில் வாங்கிய 20 சரக்கு விமானத்தில் 16 காபூல் விமான நிலையத்தில் உடைக்கப்பட்டு, பவுண்டு 6 சென்ட் என்று பழைய இரும்புக்காரனுக்குப் போனது. காடு இரண்டு சதவீதம் உள்ள நாட்டின் ராணுவத்துக்குக் காட்டுப்பச்சைச் சீருடை, காரணம் அன்றைய அமைச்சருக்கு அந்த டிசைன் பிடித்திருந்தது. இவையெல்லாம் பலரும் எழுதியவை.

நான் நிறுத்தி நிதானமாகப் படித்தது வர்தக் மாகாணத்தில் கட்டிய ஒரு சிறு பயிற்சித் தளம். செலவு அரை மில்லியனுக்குக் கொஞ்சம் குறைவு, மற்றவற்றோடு பார்த்தால் சில்லறை. 2012 அக்டோபரில் முடித்தார்கள். நாலே மாதத்தில் சுவர் கரைய ஆரம்பித்தது. உருவகமாகச் சொல்லவில்லை, மழைநீர் இறங்கி உண்மையாகவே கரைந்தது. செங்கல்லில் களிமண் போதாமல் பெரும்பாலும் மணல்.

கட்டட வேலையில் இருக்கும் யாருக்கும் இது ஆச்சரியம் தரும். களி குறைந்த கல்லைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினால் மணி மாதிரி சத்தம் வர வேண்டும், மொத்தென்று கேட்டால் லாரியைத் திருப்பி அனுப்பலாம். நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. நாங்கள் கடலோரத்தில் மணல் வந்து இறங்கினால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்போம். உப்புக் கரித்தால் கடல்மணல், பூச்சில் ஆறு மாதத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். என் நாக்கு இருபது வருடம் அரசாங்கத்துக்கு உழைத்திருக்கிறது.

வர்தக்கில் யாரும் கல்லைத் தட்டவில்லை. வேலையை ஏற்றுக்கொண்டு பணமும் கொடுத்தாகிவிட்டது. வெளியே சுட்டுவிடுவான் என்ற பயத்தில் மேற்பார்வை பார்க்க வேண்டியவர் முகாமை விட்டுப் போக முடியாது. போனாலும் சில மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவார், அடுத்து வருபவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒப்பந்தம் கீழே கீழே கைமாறி, கல் அடுக்குபவனிடம் வரும்போது கூலியில் பாதிதான் இருக்கும். அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

வண்டிகளுக்கு கேஸ் நிரப்பும் நிலையம் ஒன்றும் உண்டு, ஆப்கானிஸ்தானின் ஷெபர்கானில். 43 மில்லியன் டாலர். பாகிஸ்தானில் அதே மாதிரி நிலையம் அரை மில்லியனுக்குள் முடியுமாம்.

19 மார்ச்

திருத்தம். 43 மில்லியன் என்று நேற்று போகிற போக்கில் எழுதியது என் தவறு. அதில் 30 மில்லியன் மேல்செலவு (மொத்தத் திட்டத்தின் பொதுச் செலவு) கணக்கு, நேரடிச் செலவு சுமார் 12 மில்லியன். அந்தத் திட்டத்தை நடத்தியவர்கள், மேல்செலவை ஒரே நிலையத்தின் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்று சண்டை போட்டார்கள். 12 மில்லியனும் அநியாயம்தான். ஆனால் தலைப்புச் செய்தியில் வந்தது பெரிய எண்.

தணிக்கைக்கும் இந்தச் சபலம் உண்டு. ஆடிட் பாராவில், அதாவது தணிக்கையின் ஆட்சேபக் குறிப்பில், எண் பெரிதாக இருந்தால்தான் யாராவது படிப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை பதினோராயிரம் ரூபாய் வித்தியாசத்தை, "திட்ட மதிப்பு இத்தனை கோடியுள்ள வேலையில் முறைகேடு" என்று எழுதிவிட்டுப் போனார்கள். பதில் எழுதியே ஒரு வருடம் போனது.

23 மார்ச்

இலங்கையில் போர் முடிந்த வன்னியைப் பற்றி ஏன் பேசவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது ஒரு முற்றம்தான். அதைச் சொல்கிறேன்.

2009க்குப் பிறகு இந்தியா 50,000 வீடு தருவதாகச் சொன்னது. முதல் ஆயிரம் வீட்டைக் காண்ட்ராக்டர் கட்டிக் கொடுத்தார். 2012 அக்டோபரில் பெருந்தொகுதி ஆரம்பித்தபோது முறையை மாற்றினார்கள்: வீட்டுக்காரரே கட்டிக்கொள்வது. வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். மொத்தமாகத் தராமல் தவணையாக அவர்கள் வங்கிக் கணக்குக்கே வரும். ஒரு கட்டம் முடிந்ததை அலுவலர் வந்து பார்த்த பிறகு அடுத்த தவணை. பார்ட் பில்தான், ஆனால் காண்ட்ராக்டர் இல்லாத பார்ட் பில்.

2014ல் மாங்குளம் பக்கம் போயிருந்தேன், மைத்துனன் சம்பந்தம் செய்த குடும்பம். சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா மாமர நிழலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெறும் சீமெந்துப் பைகள், மடித்து அடுக்கி, மேலே ஒரு கல். ஏன் என்று கேட்டேன். "எத்தினை பை முடிஞ்சதெண்டு எனக்குத் தெரியோணுமே தம்பி. மேசன் ஒரு பைக்கு மணலைக் கூடப் போட வந்தவன். நான் கதிரையைக் கொண்டந்து முன்னால போட்டிட்டன்."

என் சர்வீஸில் இவ்வளவு நல்ல மேற்பார்வையாளரைப் பார்த்ததில்லை. சம்பளம் கிடையாது, மாறுதல் கிடையாது, சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை.

அதற்கு நேர் எதிர், 2015, 16 வாக்கில் அரசாங்கம் கொண்டுவந்த 65,000 இரும்பு வீட்டுத் திட்டம். வெளிநாட்டிலிருந்து தயாராக வரும் வீடு, ஒன்றுக்கு 21 லட்சம். கல்வீட்டுக்கு அதில் பாதி போதும் என்று உள்ளூரில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த வெயிலில் இரும்பு வீடா என்றும் கேட்டார்கள். எதிர்ப்பு வலுத்துத் திட்டம் போய்விட்டது. அங்கே தணிக்கை செய்தது, அந்த வீட்டில் படுக்கப் போகிறவர்கள்.

24 மார்ச்

நேற்று எழுதியதில் ஒரு பாதியை மறைத்துவிட்டேன் என்று தோன்றுகிறது. ஐந்தரை லட்சம் போதவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டியதில் மணல் விலை ஏறியது, மேசன் கூலி ஏறியது. பலர் நகையை அடகு வைத்தார்கள், வட்டிக்கு வாங்கினார்கள். அந்த அம்மாவும்தான். காதில் ஒன்றும் இல்லை என்பதை நான் அன்றே பார்த்தேன், நேற்று எழுதவில்லை. திருட்டு நடக்காத திட்டம் என்றால் நட்டம் இல்லாத திட்டம் என்று பொருள் இல்லை. பற்றாக்குறை வீட்டுக்காரர் தலையில் விடிந்தது, அது எந்த ஆடிட் பாராவிலும் வராது.

கதிரை போட்டு உட்காரும் முறை எல்லா வேலைக்கும் உதவாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஈராக்கில் ஃபலூஜா நகரின் பாதாளச் சாக்கடைத் திட்டம் 2004ல் 32.5 மில்லியன் டாலர் மதிப்பீட்டில் ஆரம்பித்து 100 மில்லியனைத் தாண்டியது. 2008ல் போய்ப் பார்த்தபோது ஒரு வீட்டுக்கும் இணைப்பு இல்லை. சாக்கடைக்கு யார் வீட்டுக்காரர்? அந்த இடத்தில் நீங்கள் கேட்கும் அலுவலகம் வேண்டும்தான். கேள்வி கேட்ட தம்பிக்கு இவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன்.

2 ஏப்ரல்

உக்ரைன் என்று ஆரம்பித்ததையே மறந்துவிட்டோம்.

அங்கே 2023 ஜனவரியில் ஒரு பத்திரிகையாளர் ராணுவ உணவு ஒப்பந்தத்தை வெளியிட்டார். முட்டை ஒன்று 17 ஹ்ரிவ்னியா, கடையில் 7. சத்துணவு முட்டைக் கதைகள் கேட்டு வளர்ந்த நமக்குச் சட்டென்று புரியும். பாதுகாப்பு அமைச்சர் அதே ஆண்டு செப்டம்பரில் போனார், காரணம் அது மட்டும் இல்லை. மறுகட்டுமானத்துக்கு ட்ரீம் என்று ஒரு இணையதளம் வைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் என்ன வேலை, எவ்வளவு பணம் என்று யாரும் பார்க்கலாம். நல்ல விஷயம். மண் தள்ளுவதற்கு முன் எடுத்த குழியின் படத்தை, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் போடச் சொல்வார்களா என்றுதான் என் மனம் போகிறது.

அப்புறம் உங்கள் சிறப்பு அலுவலகம். ஈராக் அலுவலகத்தை 2007 அக்டோபரோடு மூட, 2006ல் ஒரு பாதுகாப்பு மசோதாவின் நடுவில் ஒரு வரியைச் செருகினார்கள். கவனித்தவர்கள் கத்தியதால் அந்த வருடக் கடைசியில் மாற்றினார்கள். இந்த ஜனவரியில் டிரம்ப் ஒரே இரவில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட இன்ஸ்பெக்டர் ஜெனரல்களை வீட்டுக்கு அனுப்பினார், சோப்கோவும் அதில் ஒருவர். அந்த அம்மாவைக் கதிரையிலிருந்து எழுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை.

6 ஏப்ரல்

நேற்று ஒரு கல்யாணத்துக்கு நாகை பக்கம் போனேன். திரும்பும்போது அந்தக் குடியிருப்புக்குள் வண்டியை விட்டேன். பெயர்ப்பலகை துருப்பிடித்துவிட்டது. பல வீட்டில் மாடி எடுத்திருக்கிறார்கள். கடைசி வரிசையில் ஒருவர் கழிவறை கட்டச் சுவரை ஒட்டிக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். மூலை அஸ்திவாரம் அடிவரை வெளியே தெரிந்தது.

பழைய இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன். டேப் எப்போதும் வண்டியில் கிடக்கும். 0.68 மீட்டர்.

மேலே இருந்து எட்டிப் பார்த்தவர் கேட்டார், "என்ன சார், சரியா இருக்கா?"

சுவரை ஒட்டித் தோண்டாதீர்கள், மூன்றடி தள்ளித் தோண்டுங்கள், இதை இன்றைக்கே மூடி நன்றாகக் கெட்டித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.